யொக்கொஹாமா மச்சான்

ரொறன்ரோவில் கிளடிஸ் யாருக்காவது தொலைபேசி எடுத்தால், மறுமுனையில் இருப்பவர் முதலில் கேட்பது "ஆர்?" என்றுதான். கூப்பிடுவது ஆர் என்று அல்ல, செத்தது ஆர் என்று.

மீன்குழம்புக்கு எவ்வளவு பழப்புளி விடுவது என்று கேட்கத்தான் அவள் எடுத்திருப்பாள். அதைச் சொல்லி முடிப்பதற்குள் அந்த வீட்டில் ஒருவர் கதிரையில் இருந்திருப்பார், இன்னொருவர் தண்ணீர் எடுக்க ஓடியிருப்பார். அவளைக் குற்றம் சொல்ல முடியாது, அவர்களையும் சொல்ல முடியாது. பதினான்கு வருடங்களாக அந்த ஊர்த் தமிழருக்குச் சாவைச் சொன்ன குரல் அது. வெக்ஸ்போர்ட்டில் ஒரு பலசரக்குக் கடைக்கு மேலே இரண்டு அறைகளில் இயங்கிய வெள்ளாப்பு வானொலியில், மாலை ஏழு மணிச் செய்தியும் அதன் பின்னால் வரும் மரண அறிவித்தலும் கிளடிஸின் பொறுப்பு. தணிந்த, ஈரமான குரல். அந்தக் குரல் தொடங்கியதும் வீடுகளில் கறிச்சட்டியின் கீழே நெருப்பைக் குறைப்பார்கள், பிள்ளைகளை அதட்டி இருத்துவார்கள்.

வானொலி அவளுக்குச் சம்பளம் தரவில்லை. பகலில் பக்கத்து மார்க்கம் நகரில் பல் கட்டும் கூடம் ஒன்றில் வேலை. பல் வைத்தியர்கள் அனுப்பும் அச்சுகளைப் பார்த்து, மெழுகில் பொய்ப்பற்களை ஒவ்வொன்றாக நட்டு வரிசை எடுப்பாள். ஐம்பத்தொரு வயது, தனி ஆள். காலையில் மற்றவர்களுடைய சிரிப்பைச் செய்வதும் மாலையில் மற்றவர்களை அழவைப்பதுமாக வாழ்க்கை ஒழுங்காகத்தான் போய்க்கொண்டிருந்தது.

அப்போதுதான் 2002 வந்தது.

பெப்ரவரியில் இலங்கையில் போர்நிறுத்தம் கையெழுத்தானது. ஏப்ரலில் யாழ்ப்பாணத்துக்கான பாதை திறந்தது. போர் முடிந்துவிட்டது என்றே எல்லோரும் பேசினார்கள். முடியவில்லை என்பது பின்னால் தெரிந்தது. அந்த வருடம் அப்படிச் சொல்லியிருந்தால் சொன்னவரை ஒருவரும் கலியாணத்துக்குக் கூப்பிட்டிருக்கமாட்டார்கள். தமிழர் செறிந்த ஸ்காபரோ முழுக்கப் பயணப் பெட்டிகளாகக் கிடந்தன. பிளாசாக்களில் முன்பின் தெரியாதவர்கள் எல்லாம் "நீங்கள் எப்ப போறியள்?" என்று கேட்டார்கள். இருபது வருடம் வாயைத் திறக்காத மனிதர்கள் கோப்பிக் கடையில் கொட்டமடித்தார்கள்.

கிளடிஸிடமும் கேட்டார்கள். "நான் போய் ஆரைப் பாக்கிறது? என்ர ஆக்கள் எல்லாம் பாரிசிலயும் லண்டனிலயும் இருக்கினம்" என்று சொல்லிவிடுவாள்.

அவளுடைய கவலை வேறு. செய்தி தீர்ந்துவிட்டது. குண்டு விழுந்த இடம் இல்லை, ஷெல் அடித்த இடம் இல்லை. ஆறு நிமிடச் செய்தி இரண்டு நிமிடத்தில் முடிந்தது. வானொலியின் சொந்தக்காரர் அருள்நாயகம், கண்ணாடிக்கு அப்பால் இயந்திரப் பலகையின் முன்னால் இருந்தபடி கையை விரித்தார்.

"மிச்சம் நாலு நிமிசத்துக்கு என்ன செய்யிறது கிளடிஸ்?"

"பாட்டுப் போடுங்கோ அண்ணை."

"செய்திக்குள்ள பாட்டுப் போட்டா ஆரோ பெரிய ஆள் செத்திட்டார் எண்டு சனம் நினைக்கும். நீர் எதையாவது வாசியும். உலகத்தில வேற ஒண்டும் நடக்கேல்லையே?"

உலகத்தில் என்ன நடக்கிறது என்று கிளடிஸுக்குச் சொல்லக் கிடைத்தவள் தொமோக்கோ. பல் கூடத்தில் அவளுக்குப் பக்கத்து மேசை. செய்து முடித்த பற்களைத் தேய்த்து மினுக்குவது அவளுடைய வேலை. அறுபது வயது, யொக்கொஹாமாவில் பிறந்தவள். பதினொரு வருடமாகப் பக்கத்தில் இருந்தும் "குட் மோர்னிங்"குக்கு மேலே அதிகம் பேசியதில்லை. ஜூன் மாதம் உலகக் கிண்ணக் காற்பந்து ஜப்பானிலும் கொரியாவிலும் நடந்தபோது அந்தத் தொமோக்கோவுக்கு என்னவோ ஆகிவிட்டது. விடியக்காலை எழும்பி ஆட்டம் பார்த்துவிட்டுக் கண் சிவக்க வேலைக்கு வந்தாள். ஜப்பான் ரஷ்யாவை வென்றதற்கு அடுத்த நாள், மேசை விளக்கில் ஒரு சின்னக் கொடியை ஒட்டினாள். ரியூனிசியாவையும் வென்றபோது கிளடிஸின் இரண்டு தோளையும் பிடித்து உலுக்கினாள். கிளடிஸின் கையில் இருந்த மேல்வரிசைப் பல்லில் ஒன்று மெழுகோடு கழன்று எங்கோ உருண்டது. இரண்டு பேரும் மேசைக்குக் கீழே தவழ்ந்து அதைத் தேடினார்கள், சிரித்தார்கள், சிநேகிதமானார்கள்.

அன்று மாலை அந்த நான்கு நிமிடத்தில் கிளடிஸ் ஜப்பானின் வெற்றியை வாசித்தாள். மரண அறிவித்தல் குரலில்தான். அவளிடம் வேறு குரல் இருக்கவில்லை. தொலைபேசியில் வந்த முதியவர் ஒருவர், "ஜப்பான் வெண்டது சந்தோசம், பிள்ளை. ஆனா நீர் சொல்லேக்க நான் எழும்பி நிண்டிட்டன்" என்றார்.

ஓகஸ்ட் தொடக்கத்தில் தொமோக்கோ பத்திரிகைப் படத்தின் நகல் ஒன்றைக் கொண்டுவந்தாள். யொக்கொஹாமாவில் இருக்கும் தங்கை தொலைநகலில் அனுப்பியது. மங்கலான ஆறு, நடுவில் கறுப்பாக ஒரு தலை. வடதுருவக் குளிரில் இருக்கவேண்டிய கடல்நாய் ஒன்று வழி தவறி, தோக்கியோவின் விளிம்பில் ஓடும் தமா ஆற்றுக்குள் வந்துவிட்டதாம். பார்க்கச் சனம் பாலத்தில் நெருக்கியடித்து நிற்கிறதாம். தொலைக்காட்சிக் கமராக்கள் காலையிலிருந்து கரையில்தானாம். செல்லமாகப் பெயரும் வைத்தாயிற்று, தமா ஆற்றில் வந்ததால், அங்கே பிள்ளைகளின் பெயரோடு ஒட்டும் சானையும் சேர்த்துத் தமாச்சான்.

"அது என்ன செய்யுது?" என்று கிளடிஸ் கேட்டாள்.

தொமோக்கோ கொஞ்சம் யோசித்தாள். தலையை நீட்டுகிறது, பிறகு தாழ்கிறது, அவ்வளவுதான் என்றாள்.

கிளடிஸ் அதை அப்படியே வாசித்தாள். உடனே ஒரு பெண் தொலைபேசியில் வந்தாள். "ஆத்துக்குள்ள நாய் நிண்டா அதுக்கு என்ன செய்தி? எங்கட வீட்டு நாயும்தான் நீந்தும்." கிளடிஸ் பொறுமையாக விளக்கினாள். இது குரைக்கிற நாய் இல்லை. கால் இல்லை, செட்டை இருக்கு. மீசை இருக்கு. பெயர் தமாச்சான்.

"என்ன? மச்சானோ?"

அந்த ஒரு சொல்லோடு காரியம் கையை மீறிப்போனது. அடுத்த நாளே ஏழு மணிச் செய்திக்கு முன்னால் தொலைபேசிகள் எல்லாம் மினுங்கின. "மச்சான் இண்டைக்கு எப்பிடி?" "மச்சான் சாப்பிட்டாரோ?" மில்லிக்கனிலிருந்து ஒருத்தி, மச்சானுக்குக் கலியாணம் ஆகிவிட்டதா என்று விசாரித்தாள். வெக்ஸ்போர்ட்டில் இறைச்சிக் கடை வைத்திருந்த ஹுஸைன் நானா, அந்த ஆற்றில் என்ன மீன் கிடைக்கும் என்று கேட்டு எழுதிக்கொண்டார். யாராவது கடைக்கு வந்து கேட்டால் பதில் சொல்ல வேண்டுமாம். இருபது வருடமாகக் குண்டுக்கும் சாவுக்கும் காதைத் தீட்டி வைத்திருந்த சனத்துக்கு, ஒன்றும் செய்யாமல் தலையை நீட்டிப் பார்த்துவிட்டுத் தாழ்கிற ஒரு பிராணி கிடைத்தது. அதை அவர்கள் விடுவதாக இல்லை.

கோபப்பட்டவர் அகஸ்ரின் மாஸ்டர் ஒருவர்தான். இளைப்பாறிய சரித்திர ஆசிரியர், வானொலியின் முதல் நாள் தொடங்கி ஒரு செய்தியும் தவறவிடாதவர். பிரம்பு போல நிமிர்ந்து மாடிப்படி ஏறி வந்தார்.

"பேச்சுவார்த்தை தொடங்கப்போகுது. ஒரு இனத்தின்ர தலைவிதி. நீங்கள் உந்த நாய்க்கதை சொல்லிக்கொண்டிருக்கிறியள்."

"மாஸ்டர், பேச்சுவார்த்தையையும் வாசிக்கிறன்" என்றாள் கிளடிஸ்.

"ஓம், வாசிக்கிறீர். அதுக்கு ஒருத்தரும் போன் எடுக்கேல்லை. நாய்க்குத்தான் எடுக்கினம். அதுதான் சொல்லுறன்."

அவர் சொன்னது உண்மை.

ஓகஸ்ட் நடுவில் அந்தப் பக்கம் ஒரு புயல் அடித்தது. ஆறு பெருகியது. வெள்ளம் வடிந்த பிறகு பாலத்தில் சனம் நின்றது, கமரா நின்றது, கடல்நாயைக் காணவில்லை. ஒரு நாள், இரண்டு நாள், மூன்று நாள். கிளடிஸ் ஒவ்வொரு மாலையும் "இன்றும் காணப்படவில்லை" என்று வாசித்தாள். அவள் குரலுக்கு அந்த வசனம் பொருந்திய பொருத்தத்தில் சனம் கலங்கிப்போனது. ஒருத்தி அந்தோனியாருக்கு நேர்த்தி வைத்தாள். சின்னப் பிள்ளைகள் ஆங்கிலமும் தமிழும் கலந்து அழுதுகொண்டு தொலைபேசியில் வந்தார்கள். "மச்சான் is okay, right, அன்ரி?" என்று ஒரு சிறுமி கேட்டாள்.

அருள்நாயகத்துக்குப் பொறுக்கவில்லை.

"ஆளைக் கண்டிட்டினம் எண்டு சொல்லிவிடும், கிளடிஸ். சனம் நிம்மதியா நித்திரை கொள்ளட்டும். அதென்ன, வந்து வழக்குப் போடப்போகுதே?"

"காணாததைக் கண்டதெண்டு வாசிக்கமாட்டன் அண்ணை."

"ஒரு நாய்தானே."

"உங்களுக்குத் தெரியும்தானே, நான் முதல் வருசம் பட்ட பாடு."

அவருக்குத் தெரியும். முதல் வருடத்தில் யாரோ அனுப்பிய தாளை நம்பி அவள் ஒருவருடைய மரணத்தை வாசித்தாள். பத்து நிமிடத்தில் அவரே தொலைபேசியில் வந்து, "பிள்ளை, நான் இப்பதான் சாப்பிட்டிட்டு இருக்கிறன். மனிசி அழுகையை நிப்பாட்டுறாள் இல்லை" என்றார். அன்றிலிருந்து மூன்று பேரைக் கேட்டு உறுதிப்படுத்தாமல் அவள் ஒரு சாவையும் வாசித்ததில்லை. உயிரையும் அப்படித்தான் வாசிப்பேன் என்று இப்போது பிடிவாதமாக நின்றாள். தொமோக்கோவின் தங்கை நேரில் பார்க்கவேண்டும், அல்லது பத்திரிகையில் படம் வரவேண்டும்.

சனிக்கிழமை வந்தது. செய்தியில் ஒன்றும் புதிதாக இல்லை. "கடல்நாய் பற்றி இன்றும் தகவல் இல்லை" என்று முடித்துவிட்டு, கிளடிஸ் மரண அறிவித்தலை எடுத்தாள். ஒன்றே ஒன்றுதான்.

"யாழ்ப்பாணம் குருநகரைப் பிறப்பிடமாகவும், மில்லிக்கனை வதிவிடமாகவும் கொண்ட செபமாலை எமிலியானுஸ் அவர்கள் வெள்ளிக்கிழமை கர்த்தருக்குள் நித்திரையடைந்தார். அன்னார் அருள்மலரின் அன்புக் கணவரும், டெஸ்மனின் பாசமிகு தந்தையும்..."

கண்ணாடிக்கு அப்பால் அருள்நாயகம் தொலைபேசியைக் காதில் வைத்துக்கொண்டு எழும்பி நிற்பது அவளுக்குத் தெரிந்தது. ஜப்பானில் அப்போது ஞாயிற்றுக்கிழமை காலை எட்டு மணி. தங்கை தொமோக்கோவைக் கூப்பிட்டு, தொமோக்கோ வானொலியைக் கூப்பிட்டிருந்தாள். அருள்நாயகம் ஒரு தாளில் பெரிய எழுத்தில் எதையோ கிறுக்கி, இரண்டு கையாலும் தூக்கிக் கண்ணாடியில் அழுத்திப் பிடித்தார்.

"...காலஞ்சென்ற சிஞ்ஞோரம்மாவின் அருமைச் சகோதரனும், ஞானம்மா, பிலோமினா ஆகியோரின் அன்பு..."

அடுத்த சொல் மைத்துனர். கிளடிஸ் நிமிர்ந்தாள். தாளில் இருந்தது: மச்சான் உயிரோட இருக்கிறார்.

"...மை..." என்றாள்.

மூக்கால் ஒரு காற்று வந்தது. அதை இருமலாக்கப் பார்த்தாள். "மைத்து..." என்றாள். இயேசுவின் பாடுகளை நினைத்தாள். முள்முடியை நினைத்தாள். முள்முடியோடு ஒரு கடல்நாய் வந்து மீசையை நீட்டிப் பார்த்தது. "மைத்துன..." என்றாள், அதோடு அணை உடைந்துவிட்டது. பதினான்கு வருடமாக அந்த ஒலிவாங்கிக்கு முன்னால் ஒருதரமும் சிரித்திராத பெண், மேசையில் நெற்றியை முட்டிக்கொண்டு, தோள் குலுங்க, ரொறன்ரோ முழுக்கக் கேட்கச் சிரித்தாள். அருள்நாயகம் தாளைப் போட்டுவிட்டு வயலின் இசையை ஏற்றப் பதினொரு விநாடி ஆயிற்று. அந்தப் பதினொரு விநாடியும் காற்றில் போய்விட்டது.

சிரிப்பு அடங்கியதும் எமிலியானுஸ் என்ற பெயரை வெறித்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். தொலைபேசிகள் எல்லாம் மினுங்கின. ஒன்றையும் இருவரும் எடுக்கவில்லை.

அரை மணித்தியாலத்தில் மாடிப்படியில் பாரமான காலடி கேட்டது. டெஸ்மன், இறந்தவரின் மகன். ஐம்பது வயது, பெரிய ஆள், சேட்டுப் பொத்தான் மாறிப் பூட்டியிருந்தது. கதவில் நின்றபடியே கேட்டான்.

"என்ர அப்பாவின்ர பேரைச் சொல்லேக்க சிரிச்சது நீங்களோ?"

"ஓம்" என்றாள் கிளடிஸ். "மன்னிச்சுக்கொள்ளுங்கோ. அவரைப் பாத்துச் சிரிக்கேல்லை."

"எனக்குச் சொல்லவேண்டாம். அம்மாவுக்கு வந்து சொல்லுங்கோ. திங்கட்கிழமை பின்னேரம் பார்வைக்கு வைக்கிறம்." திரும்பிப் படி இறங்கினான். பாதியில் நின்று, "அவ கேட்டுக்கொண்டிருந்தவ" என்றான்.

அன்றைக்கே கிளடிஸ் விலகல் கடிதம் எழுதினாள். அருள்நாயகம் அதை வாங்கி, வாசிக்காமல் சேட்டுப் பைக்குள் வைத்தார்.

திங்கட்கிழமை வேலை முடிந்ததும் தொமோக்கோ கறுப்புச் சட்டையோடு கார் தரிப்பிடத்தில் காத்துக்கொண்டு நின்றாள். தொலைபேசி எடுத்தது நான், ஆகவே பாதிப் பிழை என்னுடையது என்றாள். எவ்வளவு சொல்லியும் கேட்கவில்லை. அருள்நாயகம் காரோட்ட, மூன்று பேரும் உடல் வைத்திருந்த மலர்ச்சாலைக்குப் போனார்கள்.

மண்டபம் நிறைய ஆட்கள். கிளடிஸ் உள்ளே போனதும் செபமாலை சொல்லிக்கொண்டிருந்தவர்கள் அருள்நிறை மரியேயின் நடுவில் தடக்கினார்கள். அவளுடைய முகத்தை எல்லோருக்கும் தெரியாது. ஆனால் "இதுதான் கிளடிஸ்" என்ற முணுமுணுப்பு வரிசை வரிசையாக முன்னுக்குப் போனது. பெட்டிக்குப் பக்கத்தில் கதிரையில் வெள்ளைச் சேலையோடு அருள்மலர் இருந்தாள். எண்பத்து நான்கு வயது, ஒரு பிடி உருவம். டெஸ்மன் அவளுக்குப் பின்னால் கையைக் கட்டி நின்றான்.

தொமோக்கோ முதலில் பெட்டியின் முன்னால் போய், பிறகு கிழவியின் முன்னால் வந்து, இடுப்பு மடிய வணங்கினாள். நிமிரவே இல்லை. அருள்மலர் அவளுடைய நரைத்த உச்சியைக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"இவ ஏதேனும் துலைச்சிட்டாவோ?" என்று மகனைக் கேட்டாள்.

கிளடிஸ் முழங்காலில் இருந்தாள். "அம்மா, சனிக்கிழமை சிரிச்சது நான்தான்."

"தெரியும் பிள்ளை. ஏன் சிரிச்சனீர்?"

வழியெல்லாம் அவள் பல பதில்களை அடுக்கிப் பார்த்திருந்தாள். இருமல், களைப்பு, இரத்த அழுத்தம். அந்தச் சின்னக் கண்களுக்கு முன்னால் ஒன்றும் நிற்கவில்லை.

"கடல்நாய் கிடைச்சிட்டுது எண்டு தாளில எழுதிக் காட்டினவை அம்மா. மச்சான் எண்டு எழுதியிருந்தது. நான் அப்பதான் மைத்துனர் எண்டு வாசிக்கப் போனன்."

மண்டபம் கேட்டுக்கொண்டிருந்தது. அருள்மலர் முன்னால் சாய்ந்தாள்.

"கிடைச்சிட்டுதோ? எங்க?"

"பக்கத்தில வேற ஒரு ஆத்தில. சுருமி எண்டு பேர்."

"உயிரோடயோ?"

"உயிரோட. இவவின்ர தங்கச்சி கண்ணால பாத்தவ."

கிழவி பின்னால் சாய்ந்தாள். மெதுவாகத் தலையைத் திருப்பிப் பெட்டிக்குள் பார்த்தாள். பிறகு, பக்கத்து அறையில் இருப்பவரோடு பேசுவதுபோல, சாதாரணக் குரலில் சொன்னாள்.

"கேட்டியளே? நீங்கள் சொன்னதுதான் சரியாம். வேற ஆத்துக்குத்தான் போனதாம்."

அருள்மலர் கிளடிஸின் பக்கம் திரும்பினாள். "ஆஸ்பத்திரியில ரேடியோவைக் காதுக்குப் பக்கத்தில வைச்சுக்கொண்டு, ஒரு கிழமையா என்னோட சண்டை. நான் சொன்னன் அது கடலுக்குப் போயிட்டுது எண்டு. இவர் குருநகரில தோணி ஓடின ஆள். புயல் அடிச்சா அது கடலுக்குப் போகாது, ஒதுங்கி அடுத்த ஆத்துக்க பூரும் எண்டார். உங்களுக்கு என்ன தெரியும், நீங்கள் நாயைக் கண்டனீங்களோ எண்டு ஏசினன். வியாழக்கிழமை பின்னேரமும் ஏசினன்."

அவளுடைய வயிறு குலுங்கத் தொடங்கியது. கிளடிஸ் அழுகை என்று நினைத்துக் கையைப் பிடித்தாள். அழுகை இல்லை. சத்தம் பிறகுதான் வந்தது, சின்னப் பெட்டையின் கிக்கிக்கி.

"அறுபத்திரண்டு வருசம்" என்று இழுத்து மூச்சு வாங்கினாள். "அறுபத்திரண்டு வருசத்தில இந்த மனிசன் சொன்னது சரி எண்டு நான் ஒருநாளும் சொன்னதில்லை. சொல்ல வந்த நேரம் பாருங்கோவன், ஆள் படுத்திட்டார்."

அவளுடைய தங்கை ஞானம்மா முந்தானையால் வாயைப் பொத்தினாள். அது உதவவில்லை. மூன்றாம் வரிசையில் யாரோ வெடித்தார்கள். செபமாலை சொன்ன மனிதர் மணியை இறுக்கிப் பிடித்தபடி குனிந்தார், அவருடைய முதுகு ஆடியது. சிரிக்கக்கூடாத இடத்தில் வரும் சிரிப்புக்கு ஒரு பொல்லாத குணம் உண்டு, அடக்க அடக்க அடுத்தவருக்குத் தொற்றும். ஐந்து நிமிடத்துக்குள் மண்டபம் முழுக்கக் கண்ணீர் வழியச் சிரித்துக்கொண்டிருந்தது. பக்கத்து மண்டபத்தில் வேறு சாவுக்கு வந்திருந்த வெள்ளைக்காரர் இருவர் கதவில் வந்து எட்டிப் பார்த்துவிட்டு, மெல்லச் சாத்திக்கொண்டு போனார்கள். தொமோக்கோவுக்குத் தமிழ் தெரியாது. வணங்கியபடி நின்றவள் நிமிர்ந்து, நாலாபக்கமும் பார்த்து, காரணம் அறியாமலே சிரிக்கத் தொடங்கினாள்.

டெஸ்மன் மட்டும் கையைக் கட்டியபடி நின்றான். திடீரென்று வெளியே போனான். சிறிது நேரத்தில் கிளடிஸ் தண்ணீர் எடுக்கப் போனபோது, அவன் நடைபாதைச் சுவரில் நெற்றியை வைத்துக்கொண்டு நின்றான். சிரித்தானா அழுதானா என்று அவளுக்குப் பிடிபடவில்லை. அவனுக்கும் பிடிபட்டிருக்காது. ஒரு கோப்பைத் தண்ணீரைப் பக்கத்தில் வைத்துவிட்டு வந்தாள். போகும்போது அவன் மூன்று பேரையும் கார்வரை கூட்டிவந்து, தொமோக்கோவுக்குக் கதவைத் திறந்துவிட்டான்.

அதன்பிறகு கிளடிஸை அடக்க ஒருவராலும் முடியவில்லை. மரண அறிவித்தலை வேறொருவரிடம் கொடுத்தார் அருள்நாயகம். சனிக்கிழமைதோறும் அவளுக்குப் பத்து நிமிடம் ஒதுக்கினார், ஜப்பானுக்கு மட்டும். குரலும் மாறிவிட்டது. எங்கிருந்தோ ஒரு துள்ளல் வந்து ஒட்டிக்கொண்டது. ஒக்டோபரில் கியோத்தோவில் ஒரு கம்பனியின் சாதாரணப் பொறியியலாளர் ஒருவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. கலாநிதிப் பட்டம் இல்லாத நாற்பத்து மூன்று வயது மனிதர், வேலை உடுப்போடு வந்து பத்திரிகைக்காரர் முன் முழித்துக்கொண்டு இருந்தாராம். அந்தக் கிழமை ஸ்காபரோத் தொழிற்சாலைகளில் இரவு வேலை செய்த பட்டதாரிகள் எல்லாம் நெஞ்சை நிமிர்த்தி நடந்தார்கள்.

அதே மாதம், வடகொரியாவுக்குக் கடத்திக்கொண்டுபோகப்பட்ட ஐந்து ஜப்பானியர்கள் இருபத்து நான்கு வருடம் கழித்து விமானத்தால் இறங்கினார்கள். அதை வாசித்த அன்று ஒரு தொலைபேசியும் வரவில்லை. கடைசியில் ஒரே ஒரு பெண் வந்தாள். "இருபத்திநாலு வருசமோ?" என்று கேட்டாள். "ஓம்" என்றாள் கிளடிஸ். அந்தப் பெண் நன்றி சொல்லி வைத்தாள்.

ஊர்ச் சமாதானத்துக்கென்று ஜப்பான் ஒரு தூதரை நியமித்தபோது அகஸ்ரின் மாஸ்டரே தொலைபேசி எடுத்தார். "பிள்ளை, ஜப்பானை விட்டிடாதையும். அவையின்ர மனநிலை எங்களுக்கு விளங்கவேணும்." சற்றுத் தயங்கினார். "அந்தப் பிராணி இப்ப எந்த ஆத்தில?"

"கத்தாபிரா எண்ட ஆத்தில, மாஸ்டர். யொக்கொஹாமா."

"யொக்கொஹாமா" என்று எழுதிக்கொள்பவரைப்போலத் திருப்பிச் சொன்னார்.

டிசம்பர் நடுவில், ஒவ்வொரு வருடமும் செய்வதுபோல, அந்த வருடத்தைக் குறிக்க மக்கள் தேர்ந்த ஒற்றை எழுத்தைக் கியோத்தோவின் கோயில் ஒன்றில் பெரிய தூரிகையால் எழுதினார்கள். "திரும்பி வருதல்" என்று பொருள்படும் எழுத்து அது. தொமோக்கோ அதைப் பல் கூடத்தில் அச்சு வார்க்கும் மாக்கட்டிப் பொடியில் விரலால் எழுதிக் காட்டினாள். எழுதி முடித்துவிட்டு, வருகிற கிழமை தங்கையிடம் போகிறேன், நீயும் வா என்றாள்.

கிளடிஸ் மெழுகுக் கத்தியைக் கீழே வைத்தாள். "வாறன்" என்றாள். தமிழிலேயே சொல்லிவிட்டாள்.

பியர்சன் விமான நிலையத்தில் வரிசைகள் நெளிந்து நெளிந்து கிடந்தன. பாதிப்பேர் தமிழர். நைலோன் கயிற்றால் கட்டிய பெட்டிகள், பிள்ளைகளுக்குப் புதுச் சப்பாத்து, ஒரு குடும்பத்தோடு தையல் இயந்திரம். குரலை வைத்தே அவளை மட்டுக்கட்டிவிட்டார்கள்.

"கிளடிஸ் அக்கா, நீங்களும் ஊருக்கோ? கொழும்பு பிளைட்டோ?"

"இல்லை. தோக்கியோ."

"அங்க ஆர் இருக்கினம்?"

"மச்சான்" என்றாள்.

அந்த வரிசை சிரித்த சிரிப்பில், கவுண்டரில் இருந்த பெண் ஒரு பெட்டிக்குப் பதிலாக இன்னொரு பெட்டிக்குச் சீட்டு ஒட்டினாள்.

யொக்கொஹாமாவில் காலை ஒன்பது மணிக்கு வெயில் கண்ணாடிபோல இருந்தது. கத்தாபிரா ஆறு கிளடிஸ் நினைத்ததைவிடச் சின்னது. இருபக்கமும் சீமெந்துச் சுவர், மேலே வீடுகள், கம்பிகள். தொப்பி போட்ட கிழவர்களும் தள்ளுவண்டியில் பிள்ளைகளும் கமராக்காரர்களும் வேலியோரம் நின்றார்கள். ஒருவரும் பெரிதாகப் பேசவில்லை. தொமோக்கோவின் தங்கை கையைக் காட்டினாள்.

தண்ணீர் மட்டத்தில் இருந்த திட்டில், நனைந்த சாக்குமூட்டை மாதிரி அது கிடந்தது. மீசையில் வெயில் பட்டது.

தங்கையின் கைத்தொலைபேசியிலிருந்து வெள்ளாப்பு வானொலிக்கு எடுத்தார்கள். ரொறன்ரோவில் முதல்நாள் மாலை ஏழு மணி. அருள்நாயகம் நேரே ஒலிபரப்பில் விட்டார். பதினான்கு வருடமும் அவள் வாசித்த அத்தனையும் வேறு யாரோ பார்த்தது, வேறு யாரோ சொன்னது. இன்றைக்குத்தான் தன் கண்ணுக்கு முன்னால் இருப்பதைச் சொல்கிறாள். எந்தக் குரலில் சொல்வது என்று ஒரு கணம் தெரியவில்லை.

"அண்ணை, பாத்துக்கொண்டு நிக்கிறன். ஆள் எனக்கு முன்னால."

"என்ன செய்யுது?"

"படுத்திருக்கு."

"படுத்திருந்து?"

கிளடிஸ் நன்றாகப் பார்த்தாள். "ஒண்டும் செய்யேல்லை அண்ணை. இப்ப மற்றப் பக்கம் திரும்பிப் படுக்குது."

"அவ்வளவுதானோ?"

"அவ்வளவுதான். நல்லா இருக்கு. நான் கொஞ்ச நேரம் நிண்டு பாக்கப்போறன், வைக்கிறன்."

தொலைபேசியைத் திருப்பிக் கொடுத்தாள். தங்கை கடற்பாசித் தாளில் சுற்றிய சோற்றுருண்டை ஒன்றை அவளுடைய உள்ளங்கையில் வைத்தாள். இன்னும் சூடாக இருந்தது. கிளடிஸ் வேலியில் முழங்கையை ஊன்றிச் சாப்பிடத் தொடங்கினாள்.